‘அனுப்பியிருந்தேன்’ என்பது ‘ஹேட் சென்ட்’ அல்ல

பல ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு நாட்டில் இருந்த சக பணியாளர் ஒருவர் தாம் கேட்ட அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை என்று மின்னஞ்சல் எழுதியிருந்தார். நான் அதைத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன். ஆகவே, "ஐ ஹேட் சென்ட் தி ரிப்போர்ட் ஆன் மண்டே" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அரைமணி நேரத்தில் அவரிடமிருந்து மூன்று கேள்விகள் வந்தன. திங்கட்கிழமைக்குப் பிறகு அறிக்கையில் ஏதேனும் மாறிவிட்டதா? அந்தப் பிரதியை இனிப் பயன்படுத்தக் கூடாதா? புதிய பிரதியை எப்போது எதிர்பார்க்கலாம்? நான் என் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாற்றத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் எதைப் படித்துவிட்டு இப்படிக் கேட்கிறார் என்பது எனக்கு அன்று விளங்கவே இல்லை.

அவர் படித்தது ‘ஹேட்’ என்ற ஒரு சொல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு, "ஐ ஹேட் சென்ட்" என்று தொடங்கும் வாக்கியம் பாதியில் நிற்கும் வாக்கியம். கடந்த காலத்தில் வேறொன்று நடந்தது, அதற்கும் முன்பே நான் அனுப்பினேன் என்று அது சொல்கிறது. அந்த வேறொன்று எது என்பதை நான் சொல்லாமல் விட்டதால், அவராகவே ஒன்றை ஊகித்துக்கொண்டார். நான் எழுதியிருக்க வேண்டியது "ஐ சென்ட் தி ரிப்போர்ட் ஆன் மண்டே" என்பதுதான்.

இதில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. இரண்டு கடந்தகாலச் செயல்களில் முந்தியதற்கே ‘ஹேட்’ சேர்ந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட் வடிவம் வரும் என்ற விதி எனக்குத் தெரியாததன்று. பள்ளியிலேயே அதை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். விதி தெரிந்தும் தவறு ஏன் நேர்ந்தது என்று யோசித்தபோது, நான் எந்த வடிவத்தையும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது புரிந்தது. மனத்தில் "திங்கட்கிழமையே அனுப்பியிருந்தேன்" என்று தமிழில் ஒரு வாக்கியம் இருந்தது. அதிலிருந்த ‘இருந்தேன்’ என்பதே ‘ஹேட்’ ஆகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் ஆங்கில இறந்தகாலத்தில் தடுமாறுவது இலக்கண அறிவு போதாததால் அன்று, தமிழ் வினைமுற்று நமக்கு முன்பே முடிவெடுத்துவிடுவதால்தான் என்பது அன்று தொடங்கி எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம். அதன்பின் மொழிபெயர்ப்பும் பிரதி திருத்தமுமே என் தொழிலாகிவிட்டன. இந்த எண்ணம் ஒவ்வொரு நாளும் கண்முன் நிரூபணமாகிக்கொண்டே வருகிறது.

தமிழில் அந்த ‘இருந்தேன்’ என்னதான் செய்கிறது? "போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன்" என்று ஒருவர் தொடங்கினால், அவர் போய்த் திரும்பிவிட்டார் என்பதும், அங்கே சிறிது நேரமாவது இருந்தார் என்பதும், அங்கு நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறார் என்பதும் நமக்குப் புரிந்துவிடுகின்றன. வரப்போகும் பேச்சுக்குப் பாய் விரிக்கும் வேலையை அந்தத் துணைவினை செய்கிறது. "போனேன்" என்று மட்டும் சொன்னால் பயணம் மட்டுமே தெரியும். "போயிருந்தேன்" என்றால் அந்த இடத்தில் அவர் இருந்த பொழுதும் தெரியும். அதேபோல "அனுப்பியிருந்தேன்" என்பதில், என் பங்கை நான் எப்போதோ முடித்துவிட்டேன் என்ற மெல்லிய தொனி உண்டு. இவற்றில் எதற்கும் இரண்டாவது ஒரு நிகழ்ச்சி கட்டாயமில்லை. ஆங்கிலப் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கோ அந்த இரண்டாவது நிகழ்ச்சி வாக்கியத்திலோ சூழலிலோ இருந்தே தீரவேண்டும். ஆகவே "போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன், அங்கே உங்கள் நண்பரைப் பார்த்தேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வென்ட்’ போதும். அந்த இருப்பையும் சொல்ல விரும்பினால் "ஐ வாஸ் தேர் லாஸ்ட் மன்த்" என்பது இன்னும் இயல்பாக இருக்கும். "ஐ ஹேட் கான்" என்றால் கேட்பவர், அதன் பிறகு என்ன ஆயிற்று என்று காத்திருப்பார்.

‘ஹேட்’ எப்போது உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பதை எனக்கு நானே தெளிவுபடுத்திக்கொள்ள, ஒரு ரயில் நிலையத்தையும் மூன்று வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் லெஃப்ட்" என்பது முதலாவது. இதில் நான் வந்தேன், உடனே வண்டி புறப்பட்டது. அது நகர்வதை நான் கண்ணால் பார்த்தேன். "தி டிரெயின் வாஸ் லீவிங்" என்பது இரண்டாவது. நான் வந்த கணத்தில் சக்கரங்கள் உருளத் தொடங்கியிருந்தன. ஓடினால் ஒருவேளை ஏறியிருக்கலாம். "தி டிரெயின் ஹேட் லெஃப்ட்" என்பது மூன்றாவது. அதில் வண்டியே இல்லை. காலியான நடைமேடையில் நான் நிற்கிறேன். மாறியது வினை வடிவம் மட்டும்தான். ஆனால் மூன்று வாக்கியங்களிலும் நடைமேடையில் நிற்கும் மனிதர் மூன்று வெவ்வேறு நிலைகளில் இருக்கிறார்.

இதையே தமிழில் சொல்லிப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரியும். "நான் போனபோது வண்டி புறப்பட்டுவிட்டது" என்போம். இங்கே ஆங்கிலத்துக்கு ‘ஹேட் லெஃப்ட்’ வேண்டும். நடைமேடையில் நின்றுகொண்டே, தேடி வரும் நண்பரிடம் "வண்டி புறப்பட்டுவிட்டது" என்போம். இங்கே ‘ஹேஸ் லெஃப்ட்’ வேண்டும். மறுநாள் யாரோ விசாரித்தால் "வண்டி ஐந்து மணிக்கே புறப்பட்டுவிட்டது" என்போம். இங்கே ‘லெஃப்ட்’ மட்டுமே சரி. ‘புறப்பட்டுவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்கு மூன்று விடைகள். ‘விடு’ என்ற துணைவினை செயல் முடிந்துபோனதை அழுத்திச் சொல்கிறது. பேசுகிறவர் எந்தக் காலத்தில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. ஆங்கிலம் கேட்பதோ அதைத்தான்.

‘ஹேட்’ பற்றி இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற சொற்கள் எது முந்தியது என்பதைத் தாமே சொல்லிவிடுவதால், அவை வரும் இடங்களில் ‘ஹேட்’ இல்லாத எளிய இறந்தகாலமான சிம்பிள் பாஸ்ட் பெரும்பாலும் போதுமானது. "ஆஃப்டர் ஹி லெஃப்ட், ஐ கால்ட் ஹெர்" என்பதில் குறையொன்றும் இல்லை. கதையின் நடுவே பழைய நினைவுக்குள் போகும்போது, முதல் ஓரிரு வாக்கியங்களில் ‘ஹேட்’ இட்டு வாசகரை அங்கே கொண்டு சேர்த்துவிட்டால், அதன்பின் சிம்பிள் பாஸ்டிலேயே தொடரலாம். பக்கம் முழுவதும் ‘ஹேட்’ ஆக நிறைந்திருக்கும் மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது, நான் முதலில் செய்வது மூன்றாவது ‘ஹேட்’ முதல் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதுதான். பொருள் கெடாத இடங்களே அதிகம்.

இனி, நம்மை இதைவிட அதிகமாக அலைக்கழிக்கும், ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்த பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு வருகிறேன். காலையில் எழுந்து கதவைத் திறக்கிறோம். தரை ஈரமாக இருக்கிறது. இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. "நேற்று இரவு மழை பெய்திருக்கிறது" என்கிறோம். அருமையான தமிழ் வாக்கியம். மழையை நாம் பார்க்கவில்லை, அதன் தடயத்தைத்தான் பார்க்கிறோம் என்பதை ‘பெய்திருக்கிறது’ என்ற ஒரு சொல் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. பார்த்திருந்தால் "பெய்தது" என்றிருப்போம். இதை அப்படியே "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று ஆக்கினால் ஆங்கிலத்தில் அது பிழை. ‘லாஸ்ட் நைட்’ என்று முடிந்துபோன ஒரு பொழுதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகு ‘ஹேஸ்’ வர முடியாது. "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று எழுத வேண்டும். ஊகம் என்பதையும் காட்ட வேண்டுமானால் "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று எழுத வேண்டும். ‘மஸ்ட்’ வந்ததும் ‘ஹேவ்’ உடன் ‘லாஸ்ட் நைட்’ எப்படிச் சேர்ந்தது என்று கேட்கலாம். ‘மஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பின் வினை இறந்தகால உருவம் ஏற்க முடியாது. ஆகவே நடந்து முடிந்ததைக் குறிக்க அங்கே ‘ஹேவ்’ தவிர வேறு வழியில்லை. இந்த ‘ஹேவ்’ வேறு, "இட் ஹேஸ் ரெயின்ட்" என்பதில் உள்ள ‘ஹேஸ்’ வேறு.

ஆக, நம் ‘இருக்கிறது’ என்பது "எனக்கு இது எப்படித் தெரியும்" என்ற கேள்விக்கும் சேர்த்து விடை சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்பதோ, "அந்தப் பொழுது இன்னும் திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா" என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. இரண்டும் பல வாக்கியங்களில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திவிடுகின்றன. "நான் அவரைப் பார்த்திருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஹேவ் சீன் ஹிம்" என்பது நேராகவே பொருந்தும். அந்தப் பொருத்தம் தரும் நம்பிக்கைதான் "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்று நம்மை எழுத வைக்கிறது.

திறந்த பொழுது, மூடிய பொழுது என்பதை ஒரே சொல்லை வைத்தே பார்க்கலாம். காலை பத்து மணிக்கு ஒருவர் "ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் திஸ் மார்னிங்" என்கிறார். காலை இன்னும் முடியவில்லை; அவர் இனிமேலும் வந்து நிற்கலாம். அதே நாள் மாலையில் அதே மனிதர் "ஐ டிட் நாட் சீ ஹிம் திஸ் மார்னிங்" என்றுதான் சொல்வார். ‘திஸ் மார்னிங்’ மாறவில்லை; ஆனால் அந்தக் காலைப்பொழுது இப்போது மூடிவிட்டது.

இங்கே தமிழ் நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் நாம் "பார்க்கவில்லை" என்றே சொல்வோம். "அவர் வரவில்லை" என்பது "ஹி டிட் நாட் கம்" என்பதாகவும் இருக்கலாம், "ஹி ஹேஸ் நாட் கம்" என்பதாகவும் இருக்கலாம். ‘வந்தார்’, ‘வந்திருக்கிறார்’, ‘வந்துவிட்டார்’ என்று உடன்பாட்டில் பிரிந்து நிற்கும் நுட்பங்கள் பேச்சு வழக்கின் எதிர்மறையில் ‘வரவில்லை’ என்ற ஒரே உருவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. "வந்திருக்கவில்லை" என்று எழுதுகிறோம் என்றாலும் அது எழுத்தில் மட்டுமே வாழும் வடிவம். ஆகவே எதிர்மறை வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நான் கூடுதலாக ஒரு நொடி நின்றுவிடுவேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு "ஹி ஹேஸ் நாட் கம்" என்று எழுதினால், இன்னும் அவருக்காக நாற்காலியைப் பிடித்து வைத்திருப்பதாகவே பொருள். ‘டிட்’ வந்தால் அடுத்த வினை இயல்பான வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "டிட் நாட் வென்ட்" என்ற பிழை, ஒரே காலத்தை இரண்டு முறை அடையாளமிடுவதால் வருவது.

இந்த ‘ஹேவ்’ எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. பழைய ஆங்கிலத்தில் அது உடைமையைக் குறித்த சொல்தான். எழுதி முடிக்கப்பட்ட நிலையில் கடிதம் என்னிடம் உள்ளது என்ற பொருளில் தொடங்கிய அமைப்பே, நாளடைவில் நான் கடிதத்தை எழுதியிருக்கிறேன் என்ற பொருளுக்கு நகர்ந்தது. கையில் ஒரு பொருள் இப்போது இருந்தால்தான் ‘ஹேவ்’ என்று சொல்ல முடியும் என்பதால், அந்த ‘இப்போது’ இன்றுவரை அந்த வடிவத்தை விட்டுப் போகவில்லை என்று நான் அதை நினைவில் வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் உடைமையிலிருந்து கட்டிய இதே வீட்டைத் தமிழ் ‘இரு’ என்ற வினையிலிருந்து கட்டியிருக்கிறது. வருதல், போதல் போன்ற வினைகளோடு பழைய ஆங்கிலமும் நம்மைப் போலவே ‘இருத்தல்’ வினையைத்தான் சேர்த்தது. "ஹி இஸ் கான்" என்று இன்றும் கேட்கிறோமே, அது அதன் மிச்சம். பேச்சு வழக்குப் பிரெஞ்சிலும் ஜெர்மனின் தென்பகுதி வழக்குகளிலும் இதையொத்த வடிவமே வளர்ந்து, எளிய இறந்தகாலத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அங்கே ‘நேற்று’ என்ற சொல்லோடு அது தடையின்றி வரும். ஆங்கிலம் அந்த வழியில் போகவில்லை. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டது.

அமெரிக்க வழக்கில் இந்த எல்லை சற்றுத் தளர்வானது. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகிய சொற்களோடு பிரித்தானியர் ‘ஹேவ்’ விரும்பும் இடங்களில், அமெரிக்கர் "டிட் யூ ஃபினிஷ் யெட்?" என்று எளிய இறந்தகாலத்தைத் தயங்காமல் பயன்படுத்துவர். ஆனால் ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லோடு ‘ஹேவ்’ சேர்க்க இரு சாராரும் ஒப்புவதில்லை.

செய்தி சொல்லும் முறையிலும் இந்த இரண்டு வடிவங்களும் ஓர் ஒழுங்கில் கைமாறிக்கொள்கின்றன. "ஐ ஹேவ் பாட் எ சைக்கிள்" என்று ஒருவர் தொடங்குவார். அது புதுச் செய்தி. சைக்கிள் வாசலில் நிற்கிறது. "வேர் டிட் யூ பை இட்?" என்று கேட்பவர் உடனே ‘டிட்’ என்பதற்கு மாறிவிடுவார். செய்தி தெரிந்துவிட்டது, இனிக் கேட்பதெல்லாம் அந்தச் செயல் நடந்த இடத்தையும் பொழுதையும் பற்றியது. ஆங்கிலச் செய்தி அறிக்கைகளைக் கவனித்தால், முதல் வாக்கியத்தில் ‘ஹேஸ் ரிசைன்ட்’ என்றும், இரண்டாவது வாக்கியத்திலிருந்து ‘செட்’, ‘மெட்’, ‘டோல்ட்’ என்றும் ஓடுவதைக் காணலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஹேஸ்’ இட்டு எழுதப்படும் அறிக்கைகள் படிப்பதற்குச் சலிப்பூட்டுவதற்குக் காரணம், ஒவ்வொரு வரியும் புதுச் செய்தியாகத் தன்னை அறிவித்துக்கொள்வதே.

‘கான்’, ‘பீன்’ வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லலாம்: "அவர் அங்கே போயிருக்கிறார்" என்பதற்கு, இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான்’, எப்போதோ போய்வந்த அனுபவம் என்றால் ‘ஹேஸ் பீன்’. அதேபோல, "பத்து ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதைத் தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு அங்கே "ஹேவ் பீன் வொர்க்கிங்" வேண்டும். ஏனென்றால் கடந்த காலத்திலிருந்து இன்றுவரை நீளும் காலத்தை அது வெறும் நிகழ்காலத்தில் அடைக்காது.

தமிழ் இடையூறு மட்டுமே செய்கிறது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சில இடங்களில் தமிழ் காட்டும் வழியே நேர்வழி. "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘தெரிந்திருந்தால்’ என்பதில் ‘ஹேட் நோன்’ இருக்கிறது. ‘வந்திருப்பேன்’ என்பதில் ‘வுட் ஹேவ் கம்’ இருக்கிறது. "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்." உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் இந்த வாக்கியத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பலர் ‘இஃப்’ பக்கத்திலும் ‘வுட் ஹேவ்’ இட்டுத் தவறுகிறார்கள். தமிழை நம்பி எழுதினால் நாம் தவற மாட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இன்னொன்று உண்டு. "சிறு வயதில் மாலைதோறும் ஆற்றங்கரைக்குப் போவோம், இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம்" என்று நாம் எழுதும்போது, நடந்து முடிந்த பழக்கத்தை எதிர்கால வினைமுற்றில் சொல்கிறோம். ஆங்கிலமும் இங்கே ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘வுட்’ என்பதையே எடுக்கிறது: "எவ்ரி ஈவ்னிங் வீ வுட் வாக் டு தி ரிவர்." ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் பழைய பழக்கத்தைச் சொல்ல வருங்காலச் சொல்லை நாடியிருப்பதைக் கண்டு நான் மகிழ்ந்துபோனேன். ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். செயல்களுக்கே இந்த ‘வுட்’ பொருந்தும், நிலைகளுக்குப் பொருந்தாது. ஓரிடத்தில் வீடு இருந்தது, ஒருவரைப் பிடித்திருந்தது என்பவற்றுக்கு ‘யூஸ்ட் டு’ வேண்டும்.

இறந்தகாலம் எப்போதும் இறந்த காலத்தைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. விரைவைக் காட்டுவதற்காக, இனி நடக்கப் போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியத்தின் வினையியல் இடம் கொடுக்கிறது. அழைத்தவருக்கு "இதோ வந்துவிட்டேன்" என்று, எழுந்திருப்பதற்கு முன்பே குரல் கொடுக்கிறோமே, அதுதான். ஆங்கிலத்திலும் இறந்தகாலம் இப்படி இடம் பெயர்கிறது. ஆனால் எதிர்த் திசையில். நாம் அருகில் கொண்டுவருவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம். அவர்கள் தள்ளி நிறுத்துவதற்குப் பயன்படுத்துகிறார்கள். "இஃப் ஐ ஹேட் டைம்" என்பதில் உள்ள ‘ஹேட்’ நேற்றைப் பற்றியதன்று; இன்று இல்லாத நேரத்தைப் பற்றியது. உண்மையிலிருந்து தள்ளி நிற்கிறது என்பதற்காக அந்த வடிவம் வருகிறது. "ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ சம்திங்" என்பதில், கேட்பவர்மீது கேள்வி நேராக விழாதபடி ஓரடி தள்ளி வைக்கிறது. இந்தப் பணிவுமட்டும் தமிழிலும் அப்படியே உண்டு; "உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்றிருந்தேன்" என்று பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்குவதில்லையா?

வடிவத் தேர்வு என்றதும் சிலர் ‘லேர்ன்ட்’ என்ற சொல்லை ‘டி’ (t) என்ற எழுத்தால் முடிப்பதா, ‘ஈடி’ (ed) சேர்த்து முடிப்பதா என்றுதான் கேட்பார்கள். இதில் மயங்க ஒன்றுமில்லை. அமெரிக்க வழக்கு ‘ஈடி’ பக்கம் நிற்கிறது. பிரித்தானிய வழக்கில் இரண்டும் செல்லும். ஒரே கட்டுரைக்குள் கலக்காமல் இருந்தால் போதும். இதன் பின்னாலுள்ள வரலாறுதான் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காதிருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அவற்றில் 145 வினைகள் இடைக்கால ஆங்கிலத்திலும், 98 வினைகள் மட்டுமே இன்றும் அடங்காமல் இருக்கின்றன. அதிகம் புழங்கும் வினைகள் பழைய உருவத்தைக் காத்துக்கொள்கின்றன. அரிதாகப் புழங்குபவை ‘ஈடி’ ஏற்று விதிக்குள் வந்துவிடுகின்றன. ‘ஹெல்ப்’ என்பதற்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்ற இறந்தகாலம் இருந்தது. ‘கோ’ என்பதன் இறந்தகாலமான ‘வென்ட்’ உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு வினைக்குச் சொந்தமானது. நாம் ‘வென்ட்’, ‘கேம்’, ‘சா’ ஆகியவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம், அவை நாள் முழுதும் எல்லோர் வாயிலும் புழங்கித் தேயாமல் நின்றதுதான்.

கடைசியாக, எனக்கு இந்த வேறுபாடு அறிவில் மட்டுமின்றி மனத்திலும் பதிந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்குப் பாராட்டு மலர் வெளியிடுவதாக இருந்தது. அதற்காக அவரைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை நான் எழுதி வைத்திருந்தேன். மலர் அச்சுக்குப் போவதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமாகிவிட்டார். குறிப்பை அஞ்சலியாக மாற்றித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். பெயருக்கு முன் ஒரு சொல்லைச் சேர்த்து, இறுதிப் பத்தியை மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிட்டது.

"ஹி ஹேஸ் டாட் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்" என்றிருந்தது. அவர் இருந்தவரை அந்த ‘ஹேஸ்’ சரியாக இருந்தது. அவருடைய காலம் திறந்திருந்தது, நாளையும் அவர் யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடும். இப்போது அது "ஹி டாட்" என்று ஆக வேண்டும். "ஹேஸ் ரிட்டன்" என்பது ‘ரோட்’ ஆயிற்று. "ஹேஸ் ஆல்வேஸ் பிலீவ்ட்" என்பது "ஆல்வேஸ் பிலீவ்ட்" ஆயிற்று. தமிழில் எழுதியிருந்தால் "நாற்பது ஆண்டுகள் கற்பித்திருக்கிறார்" என்பதை நான் தொட்டிருக்கவே வேண்டாம். இறந்தவரைப் பற்றியும் நாம் அப்படியே சொல்வோம். ஆங்கிலம் ஒவ்வொரு வினையாக என்னை நிறுத்திக் கேட்டது. ஒவ்வொரு ‘ஹேஸ்’ சொல்லையும் அடிக்கும்போது, அவர் இல்லை என்பதை மீண்டும் ஒருமுறை எழுதுவதாகவே இருந்தது.

இரண்டாம் பக்கத்தின் நடுவில், "ஹிஸ் ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் பிகம் டீச்சர்ஸ் தெம்செல்வ்ஸ்" என்ற வாக்கியத்துக்கு வந்தேன். வேகத்தில் அதையும் அடித்துவிட்டுப் பிறகு கோட்டை அழித்தேன். அந்த வாக்கியத்தின் எழுவாய் அவர் அல்லர், அவருடைய மாணவர்கள். அவர்கள் இருக்கிறார்கள், வகுப்பறைகளில் இன்றும் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அச்சில் வந்த அந்த இரண்டு பக்கங்களில் ‘ஹேவ்’ மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரியில்தான்.